நீர் கோர்த்து நிற்கிற இடத்தில் நம்ம ஊர்ச் செடிகள்: வைத்துப் பார்த்தவர்கள் சொல்லுங்கள்

கிணற்றடி (செங்கோட்டை)
கிணற்றுக்குப் பின்னால் ஒரு சென்ட் பள்ளம். இடவப்பாதி (தென்மேற்குப் பருவ) மழை தொடங்கினால் கார்த்திகை வரை சொதசொததான். செம்பருத்தி, வாழை ரெண்டும் அழுகிவிட்டன. செம்மண் அடித்து மேடாக்கச் சொல்கிறார்கள். மேடாக்காமல் என்ன வைக்கலாம்?

வயல்வரப்பு (புளியரை)
மேடாக்காதீங்க அண்ணே. அந்தத் தண்ணீர் வேறு எங்கே போகும்? வீட்டுச் சுவருக்குத்தான்.

செடி வாங்குமுன் ஒரு சோதனை. ஓரடி ஆழம், ஓரடி அகலம் குழி வெட்டி நிறையத் தண்ணீர் ஊற்றுங்கள். முதல் தடவை வற்றியதும் மறுபடி நிரப்பி மணி பாருங்கள். மணிக்கு ஓரங்குலத்துக்கு மேல் இறங்கினால் அது சாதாரணத் தோட்ட மண்தான். மறுநாளும் தண்ணீர் நின்றால் ஈரநிலச் செடிக்கான இடம். இதை மழைக்காலத்தில் ஒரு முறை, மாசி பங்குனியில் ஒரு முறை செய்யணும். முக்கால்வாசிப் பேர் மழைக்காலத்தில் மட்டும் பார்த்துவிட்டு அல்லிக்கிழங்கு வாங்குகிறார்கள், கோடையில் அது காய்ந்து போகிறது. எத்தனை நாள் நிற்கிறது, எத்தனை நாள் காய்கிறது, இந்த ரெண்டு கணக்குதான் செடியைத் தீர்மானிக்கும்.

வருடம் முழுக்க ஈரம், ஆனால் தண்ணீர் மேலே நிற்காது என்றால் வல்லாரை, பொடுதலை, கரிசலாங்கண்ணி. விரல் ஆழம் நின்றால் நீர்ப்பிரமி, வசம்பு. முழங்கால் ஆழம் நின்று கோடையிலும் வற்றாவிட்டால்தான் அல்லி.

செம்பருத்தி அழுகியது தண்ணீரால் இல்லை, காற்றில்லாததால். நீர் கோர்த்த மண்ணில் வேருக்குக் காற்று கிடைக்காது. ஈரநிலச் செடிகளுக்குத் தண்டுக்குள்ளேயே காற்று இறங்கும் குழாய் மாதிரி இடைவெளி உண்டு. அல்லித் தண்டை நறுக்கிப் பார்த்தால் ஓட்டை ஓட்டையாகத் தெரியும்.

கைதைமுள் (களியக்காவிளை)
பெயர்க் குழப்பம் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். எல்லை தாண்டி கேரள நர்சரியில் 'பிரம்மி' என்று கேட்டால் நீர்ப்பிரமி தருவார்கள். வடக்கே அதே பெயரில் வல்லாரையை விற்கிறவர்களும் உண்டு. வல்லாரை வேண்டுமென்றால் மலையாளத்தில் குடங்கல் அல்லது முத்தில் என்று கேட்கணும். இலையைப் பார்த்தாலே தெரியும்: வல்லாரை வட்டமாக, ஓரம் பல் வெட்டி, நீண்ட காம்பில் நிற்கும். நீர்ப்பிரமி சின்ன இலை, தடிப்பாகச் சாறோடு இருக்கும், வெளிறிய பூ. வசம்பும் அப்படித்தான், அங்கே வயம்பு. இலையைக் கசக்கினால் வாசனை வராவிட்டால் அது வசம்பு இல்லை.

நீர்ப்பிரமிக்கு நாலங்குலத் துண்டு, ரெண்டு மூன்று கணு இருந்தால் போதும். சேற்றில் பாதி படுக்கவைத்து அரையடி இடைவெளியில் ஊன்றுங்கள். வசம்புக்கு முளையுள்ள கிழங்குத் துண்டு, ரெண்டங்குல ஆழம், ஓரடிக்கு ஒன்று. நட்டதும் வெள்ளத்தில் முக்கிவிடாதீர்கள், முளை தண்ணீருக்கு மேலே தெரியணும்.

நடும் காலம் முக்கியம். மழை கொட்ட ஆரம்பித்த பிறகு நட்டால் வேர் பிடிக்கும் முன்னே அடித்துக்கொண்டு போய்விடும். சித்திரையில் நட்டு, குடத்தில் தண்ணீர் ஊற்றிப் பிடிக்கவைத்தால் இடவப்பாதிக்குத் தாக்குப்பிடிக்கும். தவறவிட்டால் ஆவணிக் கடைசி, ரெண்டு மழைக்கும் நடுவில்.

கரிசல்மேடு (கொழிஞ்சாம்பாறை)
எங்கள் பாலக்காட்டுச் சித்தூர்ப் பக்கத்துக் கரிசலுக்கு இந்தக் கணக்கு அப்படியே ஒத்துவராது. மழையில் களியாய் நிற்கும், கோடையில் கை நுழைகிற அளவு வெடிக்கும். வெடிப்பு வல்லாரை வேரை அறுத்துவிடும். இங்கே நீர்முள்ளிதான் சரி. விதை உதிர்த்துவிட்டுச் செத்துப்போகும், அடுத்த மழையில் தானே முளைக்கும். முள் நீளம், பிள்ளைகள் ஓடுகிற இடத்தில் வேண்டாம். மரம் வேண்டுமென்றால் நீர்மருது, ஆனால் அது ஆளையே மறைக்கிற மரம், ஒரு சென்டில் வைத்துவிட்டு அப்புறம் அழக்கூடாது.

கிணற்றடி
நன்றி. தண்ணீர் மேல் எண்ணெய் மாதிரி மினுமினுப்பும் அடியில் ஆரஞ்சுச் சளியும் இருக்கிறது. எங்கேயாவது டீசல் கசிகிறதா?

வயல்வரப்பு
ஒரு குச்சியால் அந்தப் படலத்தைக் குத்துங்கள். கண்ணாடி மாதிரித் துண்டு துண்டாக உடைந்தால் இரும்பு, அதை உண்கிற பாக்டீரியாவின் வேலை. உடையாமல் சுழன்று மறுபடி சேர்ந்தால்தான் எண்ணெய். நம்ம செம்பாறை மண்ணில் பெரும்பாலும் இரும்புதான். ஊற்று வரும் வாயில் ரெண்டடிக் குழி வெட்டிக் கூழாங்கல் நிரப்பி, தண்ணீரைக் கல்மேல் விழவிட்டால் காற்றுப் பட்டு இரும்பு அங்கேயே படியும். கல்லை வருடத்துக்கு ஒரு தடவை கழுவிப் போடணும், இல்லாவிட்டால் அடைத்துக்கொள்ளும்.

கைதைமுள்
ஒரு எச்சரிக்கை. குளியலறைத் தண்ணீரோ செப்டிக் குழிக் கசிவோ சேருகிற பள்ளம் என்றால் வல்லாரை, பொன்னாங்கண்ணி, நீர்ப்பிரமி எதையும் சமையலுக்குப் பறிக்காதீர்கள். நீரிலுள்ள உலோகங்களை உறிஞ்சிச் சேர்த்துவைக்கும் செடிகள் இவை. அங்கே வசம்பு, சேம்பு மாதிரி பார்க்க மட்டும் வையுங்கள்.

பொன்னாங்கண்ணி என்று குளத்தோரம் பிடுங்கிவருகிறவர்கள் பூவைப் பாருங்கள். நம்முடையதில் பூ இலைக்கக்கத்தில் ஒட்டியிருக்கும். பூ நீண்ட காம்பில் தூக்கி நின்று, தண்டு உள்ளே வெற்றாக இருந்தால் அது தென்னமெரிக்கக் களை. ஒரு கணு விழுந்தாலும் முளைக்கும், பிடுங்கியதை வெயிலில் சருகாக்கிவிட்டுத்தான் கொட்டணும். வெங்காயத்தாமரை, அதாவது கேரளத்துக் குளவாழை, 'பூ அழகாக இருக்கே' என்று யாராவது நீட்டினால் கைகூப்பிவிடுங்கள்.

ஆம்பல்குட்டை (பாறசாலை)
கொசு பற்றி யாருமே பேசவில்லையே. முட்டை கொசுவாக ஒரு வாரம், பத்து நாள் போதும். வாரம் ஒரு முறை வற்றுகிற பள்ளத்தில் பிரச்சினை இல்லை. நிரந்தரமாக நின்றால் மானத்துக்கண்ணி மீன் பத்துப் பன்னிரண்டு விடுங்கள், மேல்மட்டத்திலேயே திரிந்து புழுவைத் தின்னும். ஆகாயத்தாமரை (ரோஜாப்பூ மாதிரி இலை அடுக்காக மிதக்கிறது) மட்டும் வேண்டாம். மான்சோனியா கொசுப்புழு அதன் வேரைத் துளைத்து மூச்சு வாங்கும், மேலே வராததால் மீனுக்கும் சிக்குவது குறைவு. கேரளத்தில் சேர்த்தலைப் பக்கம் யானைக்கால் பரப்பிய கொசு அதுதான்.

அல்லியை நேரே சேற்றில் நடாமல் வாயகன்ற மண்தொட்டியில் நடுங்கள். வயல் களிமண் மட்டும், தொழு உரம் கூடாது. போட்டால் அழுகித் தண்ணீர் பச்சையாகும். மேலே ஓரங்குலம் மணல். முதலில் அரையடி நீரில் இறக்கி, இலை மேலே வர வர ஆழப்படுத்துங்கள்.

கிணற்றடி
ஓரத்தில் ஏற்கனவே சம்பு (சம்பங்கோரை) முளைத்திருக்கிறது. விட்டுவைக்கலாமா?

வயல்வரப்பு
ஒரு சென்டில் வேண்டாம், ரெண்டு வருடத்தில் வேறெதற்கும் இடம் இருக்காது. தோண்டினால் கிழங்கு துண்டாகி இன்னும் பரவும். தண்ணீர் நிறைய நிற்கும்போது தண்டை நீர்மட்டத்துக்குக் கீழே அரையடி விட்டு அறுங்கள். காற்று போகும் வழி மூழ்கியதும் கிழங்கு மூச்சுமுட்டி அழுகும். காய்ந்த பழைய தண்டையும் விடாதீங்க, அது வழியாகவும் காற்று இறங்கும். மறுபடி துளிர்த்தால் அதே மாதிரி இன்னொரு அறுப்பு.