புதுப்பிப்பு: லேன் ஹட்சனை எத்தனையாவது இடத்தில் வைப்பது?

முந்தைய இழையில் பதில் எழுதிய எல்லோருக்கும் நன்றி. கேள்வி இதுதான்: வெவ்வேறு லீக்குகளில் ஆடும் இளம் ஐஸ் ஹாக்கி வீரர்களை ஒரே பட்டியலில் எப்படி வரிசைப்படுத்துவது? குறிப்பாக, 2022 டிராஃப்டில் (வட அமெரிக்காவின் முதன்மை லீக்கான என்எச்எல்லின் அணிகள் இளம் வீரர்களை வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வு) மொன்ட்ரியால் அணி 62ஆவதாக எடுத்த, உயரம் குறைந்த தடுப்பாட்டக்காரர் லேன் ஹட்சனை எங்கே வைப்பது?

டிராஃப்ட் எண்ணையே பின்பற்றச் சொன்னார்கள் சிலர். கைகொடுத்தது வேறொரு யோசனை. ஓர் ஆட்டத்துக்கு எத்தனை புள்ளி (கோலுக்கு ஒன்று, கோலுக்கு வழிவகுக்கும் பாஸான அசிஸ்டுக்கு ஒன்று) என்று கணக்கிட்டு, லீக்கின் தரத்தையும் வீரரின் வயதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும், உயரம் கடைசியில்தான். பாஸ்டன் பல்கலைக்கழகத்தில் முதல் பருவத்திலேயே ஹட்சன் 39 ஆட்டங்களில் 48 புள்ளி எடுத்தவர். தடுப்பாட்டக்காரர் ஒருவருக்கு அது அசாத்தியம்! யோசிக்காமல் மேலே ஏற்றினேன்.

2024-25 என்எச்எல் பருவத்தில் 82 ஆட்டம், 6 கோல், 60 அசிஸ்ட். அறிமுகத் தடுப்பாட்டக்காரர்களில் லாரி மர்பி 1980-81இல் படைத்த அசிஸ்ட் சாதனை சமன் ஆனது. சிறந்த அறிமுக வீரருக்கு வாக்கெடுப்பில் வழங்கும் கால்டர் கோப்பையும் ஹட்சனுக்கே.

எதிர்பாராதது ஒன்று: அந்த வாக்கெடுப்பில் இரண்டாமிடம் கல்கரி கோல்கீப்பர் டஸ்டின் வுல்ஃபுக்கு. 2019இல் 214ஆவதாக எடுக்கப்பட்டவர் அவர். 2024 டிராஃப்டின் முதல் தேர்வான மேக்லின் செலிப்ரினிக்கே மூன்றாமிடம்தான். புள்ளிக் கணக்கில் கோல்கீப்பர்கள் சிக்கவே மாட்டார்கள். அவர்களுக்குத் தனிப் பட்டியல் போடுங்கள். தடுப்பு விகிதத்தை (கோலை நோக்கி வந்த ஷாட்டுகளில் தடுத்தவை எத்தனை சதவீதம்) வைத்து, சில பருவங்கள் பொறுத்துப் பார்த்து.