புதுப்பிப்பு: ஸ்ப்லைனுக்குக் கடைசியில் என்ன பூசினேன்

ஷாஃப்ட் டிரைவ் பைக்கின் (செயினுக்குப் பதில் சுழல்தண்டு உள்ளது) பின்சக்கர ஸ்ப்லைனுக்கு, அதாவது தண்டின் சுழற்சியைச் சக்கரத்துக்குக் கொடுக்கும், ஒன்றோடொன்று பொருந்திய பற்களுக்கு, வீல் பேரிங் கிரீஸ் போதுமா என்று போன மாதம் கேட்டிருந்தேனே, போதாது. கொழிஞ்சாம்பாறை வீட்டில் சக்கரத்தைக் கழற்றினால் பற்களுக்கிடையே செம்மண் மாதிரிப் பொடி. மண் இல்லை; பற்கள் நுணுக்கமாக அசைந்து உரசியதில் உதிர்ந்து துருவான இரும்பு. சாதா கிரீஸ் அந்த அழுத்தத்தில் பிதுங்கி ஓடிவிடுகிறது. இங்கே வேண்டியது மோலி, அதாவது மாலிப்டினம் டைசல்ஃபைடு என்ற கறுப்பு வழுக்குப் பொடி, நிறையக் கலந்த பேஸ்ட்.

"இதிலும் மோலி உண்டல்லோ" என்று கடைக்காரர் நீட்டிய கிரீஸ் டப்பாவில் அது 3 சதவீதம்தான். கோயம்புத்தூர் போய் 60 சதவீத மோலி பேஸ்ட் வாங்கினேன். விலை கடிக்கும், சரி. ஆனால் மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்துவிட்டு, பழைய டூத் பிரஷ்ஷால் மெல்லிசாகப் பூசினால் போதும். மிச்சத்தை பேரிங்கில் அப்பிவிடாதீர்கள், அது வேறு வேலை.

நெல்லியாம்பதி ஏறி இறங்கி வந்து மறுபடி கழற்றினேன். பேஸ்ட் கருகருவென்று அப்படியே ஒட்டியிருக்கிறது.