தியானமும் அருள் ஆவேசமும்: மூளை ஆய்வு தெரிந்தவர்கள் உதவுங்கள்

வணக்கம். வழிபாட்டில் உணர்வுநிலை மாறுவது பற்றிக் கட்டுரை எழுதுகிறேன், ஓரிடத்தில் சிக்கிக்கொண்டேன். அமெரிக்க மூளை ஆய்வாளர் ஆண்ட்ரூ நியூபெர்க் குழுவின் ஸ்கேன் ஆய்வுகளில், திபெத்திய தியானத்தின்போது மூளையின் முன்பகுதியில் ரத்த ஓட்டம் கூடியது. அந்நிய பாஷையில், அதாவது எந்த மொழியிலும் சேராத சொற்கள் தானாக வர, ஜெபித்த கிறிஸ்தவப் பெண்களிடம் (2006) அதே பகுதியில் குறைந்தது. ஐந்தே பேர்தான், ரொம்பவும் நம்பிவிட முடியாது. ஆனால் ‘நான் கவனிக்கிறேன்’ என்று தியானிப்பவர்களும், ‘என் வழியாக வேறு யாரோ பேசுகிறார்’ என்று அப்படி ஜெபிப்பவர்களும் சொல்லும் அனுபவங்களோடு இது அழகாகப் பொருந்துகிறது.

சரி, இறைவன் பெயரைத் திரும்பத் திரும்பச் சொல்லும் சூஃபி திக்ரு எந்தப் பக்கம் சேரும்? மூச்சும் தாளமும் உள்ளது, கவனமும் உள்ளது. அப்புறம், ஆவேசம் வந்தவர்கள் பலர் நடந்தது நினைவில்லை என்கிறார்களே, அந்த மறதியை யாராவது ஆராய்ந்திருக்கிறார்களா? நரம்பியல், மானுடவியல் இரண்டில் எது தெரிந்தாலும் சொல்லுங்கள். சொந்த அனுபவமும் சரிதான். கடவுள் உண்டா இல்லையா என்ற சண்டை மட்டும் இங்கே வேண்டாம்.