கலைச்சொல்: மேலேறும் வழியில் நிற்பதற்கு ‘தரிப்பு’

திருகோணமலையிலிருந்து:

எல்லோருக்கும் வணக்கம். மூழ்கிய கப்பல்களைப் பார்க்கக் கடலுக்கடியில் இறங்குவோருக்காக, அதாவது சுழியோடுவோருக்காக, நாம் தயாரிக்கும் சொற்பட்டியலைப் பார்த்தேன். ‘சுழியோடி’யை அப்படியே வைத்திருப்பது மகிழ்ச்சி. இங்கே கடற்படையிலும் சரி, கடலட்டை பிடிக்கிற இடத்திலும் சரி, புழங்குகிற சொல் அதுதான். ஆனால் ஆழத்திலிருந்து மேலேறும்போது இடையிடையே நிற்பதற்குப் போட்டிருக்கும் ‘அழுத்தநீக்க நிறுத்தம்’ என்பதை என்னால் ஏற்க முடியவில்லை. அப்படி நிற்பது ஏன் என்பதை இங்குள்ள இரண்டு கப்பல்களை வைத்தே சொல்கிறேன்.

1942 ஏப்ரல் 9 ஜப்பானிய விமானங்கள் திருகோணமலையைத் தாக்கிய அன்று துறைமுகத்தில் சாகைங் என்ற கப்பல் எரிந்தது. மட்டக்களப்புக்கு அப்பால் பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பலான ஹேர்மிஸ் மூழ்கியது. பிறகு துறைமுகத்துக்குள்ளேயே அமிழ்த்தப்பட்ட சாகைங் பத்து மீற்றர் அளவு ஆழத்தில்தான் கிடந்தது. 2018இல் கடற்படை அதை மேலே எடுத்துவிட்டது. ஹேர்மிஸ் கிடப்பதோ 50 மீற்றருக்கும் கீழே. பொழுதுபோக்குச் சுழியோடிக்கு எல்லை 40. ஹேர்மிஸ் கிடக்கும் ஆழத்துக்குப் போகிறவருக்குத் தனிப் பயிற்சி வேண்டும். மேலேறும்போது எங்கே, எவ்வளவு நேரம் நிற்பது என்ற கணக்கும் இறங்குமுன்பே கையில் வேண்டும்.

காரணம் நைதரசன். ஆழம் கூடக் கூட அமுக்கம் ஏறி, சுவாசிக்கும் காற்றிலுள்ள நைதரசன் இரத்தத்திலும் தசையிலும் கரைகிறது. அவசரப்பட்டு மேலே வந்தால் அது குமிழியாகிவிடும். மூட்டுவலியோடு போனால் அதிர்ஷ்டம். கால் விளங்காமல் போகலாம், உயிரும் போகலாம். அதனால் நங்கூரக் கயிற்றைப் பிடித்தபடி, ஆழமானியில் கண் வைத்து, சொன்ன ஆழத்தில் சொன்ன நேரம் நிற்க வேண்டும். கப்பலடியில் இருபது நிமிடம் இருந்தவர், மேலேறும் வழியில் அதைவிடக் கூடுதலாகக் காத்திருக்க நேரும்.

இதற்கு ‘நிறுத்தம்’ என்றால், படகில் சொல்லும்போது பயணத்தையே நிறுத்திவிட்டார்கள் என்று கேட்கும். ‘தரிப்பு’ என்று வைப்போம். பஸ் தரிப்பிடம் தெரியாத பிள்ளை இங்கே இல்லை: கொஞ்சம் நின்று, பிறகு புறப்படுகிற இடம். ‘ஆறு மீற்றரில் தரி’ என்று கட்டளையாகவும் வரும். முதல் தரிப்பு, தரிப்பாழம், தரிப்பு நேரம் எல்லாம் தானாகவே கிடைக்கும். ஐந்து மீற்றரில் மூன்று நிமிடம் முன்னெச்சரிக்கையாக நிற்பது ‘காப்புத் தரிப்பு’; தவிர்க்கவே கூடாதது ‘கட்டாயத் தரிப்பு’. இந்த இரண்டையும் ஒரே சொல்லால் சொல்வது ஆபத்து.

தூத்துக்குடியிலிருந்து:

அண்ணே, விளக்கம் நல்லா இருக்கு. ஆனா எங்க பக்கம் ‘தரிப்பு’ன்னா கருத்தரிப்புதான் நினைவுக்கு வரும். ‘தங்கல்’னு வச்சா என்ன? ‘அமுக்கம்’ங்கிறதும் எங்களுக்குப் பழக்கமில்லை, ‘அழுத்தம்’தான்.

திருகோணமலையிலிருந்து:

தம்பி, உங்கள் ஊரிலேயே தங்குகடல் என்றால் பல நாள் கடலில் கிடந்து மீன்பிடிப்பதுதானே? படகில் நின்று ‘தங்கல்’ என்றால் அந்த நினைப்புத்தான் வரும். மூன்று நிமிடத்துக்கு அது பெரிய சொல். ‘கருத்தரிப்பு’ பற்றிச் சொன்னது நியாயம்தான். ஆனால் ‘காப்பு’, ‘கட்டாயம்’ என்ற அடை முன்னே நிற்கும்போது அந்தக் குழப்பம் வராது என்றே நினைக்கிறேன்.

அமுக்கமா அழுத்தமா என்பதில் எனக்குப் பிடிவாதம் இல்லை. அவரவர் பள்ளியில் படித்ததை எழுதட்டும். பட்டியலில் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கட்டும். தரிப்பில் மட்டும் ஒரே சொல் வேண்டும். அறிவுறுத்தல் அட்டையில் கைச்சைகைப் படமும் போட வேண்டும்: விரித்த உள்ளங்கையின் கீழே மூன்று விரல், அதுதான் காப்புத் தரிப்பு. பெருவிரலை உயர்த்தினால் நீருக்கடியில் ‘சரி’ என்று பொருள் இல்லை, ‘மேலே போ’ என்று பொருள். புதியவர்கள் முதலில் தடுமாறுவது இதில்தான்; தரிப்பில் நிற்கும்போது அந்தத் தவறு நடக்கக் கூடாது. வாடை ஓய்ந்து கடல் தெளிகிற சித்திரைக்கு முன்னே அட்டை அச்சாக வேண்டும். மறுப்பு இருந்தால் இந்தக் கிழமைக்குள் எழுதுங்கள்.