வாய்ஸ் குளோனும் கோடிங் அசிஸ்டென்டும்: எது எங்கே கவிழ்த்தது? அனுபவம் உள்ளவர்கள் எழுதுங்கள்

பதிவு 1

எக்ஸ்டிடிஎஸ்-வி2, ஒருவரின் குரலை நகலெடுத்துப் பேசும் வாய்ஸ் குளோன் மாடல். ஆறு நொடி மாதிரிக் குரல், கோடிங் அசிஸ்டென்ட் (கோட் எழுதித் தரும் ஏஐ) எழுதிக் கொடுத்த முப்பது வரி பைதான். ஓடியது, வேவ் கோப்பு வந்தது, எர்ரர் எதுவும் இல்லை. கேட்டால் ஆள் அவர்தான், ஆனால் ஜலதோஷம் பிடித்தவர் மாதிரி கனத்து, இழுத்துப் பேசுகிறார். மாதிரியை மாற்றியாயிற்று, டெம்பரேச்சரை (பேச்சு எவ்வளவு மாறி மாறி வரலாம் என்ற அளவு) இறக்கியாயிற்று, திரும்ப மாதிரியை மாற்றியாயிற்று. ஒரு நாள் முழுக்க குளோனைத்தான் குறை சொல்லிக்கொண்டு போனது.

கோளாறு குளோனில் இல்லவே இல்லை. இந்த மாடல் உள்ளே வாங்கும் ஆடியோவின் சாம்பிள் ரேட் (ஒலியை நொடிக்கு எத்தனை முறை அளப்பது) 22,050 ஹெர்ட்ஸ், வெளியே தருவது 24,000 ஹெர்ட்ஸ். அசிஸ்டென்ட் கோப்பைச் சேமிக்கும் வரியிலும் 22,050 என்றே எழுதியிருந்தது. பத்து நொடிப் பேச்சு 10.9 நொடியாக நீண்டு, ஸ்ருதி ஏறக்குறைய ஒன்றரை செமிடோன் (அரைச் சுரம்) இறங்கிவிட்டது.

44,100 என்று தவறியிருந்தால் குரல் கீச்சிட்டிருக்கும், கேட்ட நொடியில் பிடிபட்டிருக்கும். எட்டு சதவீத வித்தியாசம் என்பதால் "இந்த மாடல் இவ்வளவுதான்" என்று காது சமாதானமாகிவிட்டது. அதுதான் இன்னும் உறுத்துகிறது. ஒரு எண்ணை மாற்றியதும் குரல் அப்படியே அவருடையது.

பதிவு 2

இங்க தலைகீழ். கோட் சரி, குரல்தான் சொதப்பல். எஃப்5-டிடிஎஸ்ங்கிற இன்னொரு குரல் மாடல் வகை. தமிழ் உட்பட 11 இந்திய மொழிக்கு வந்த இண்டிக்எஃப்5 இந்த அமைப்புமேலதான் நிக்குது.

பத்தி முழுக்க நிதானமா வாசிக்கிற குரல், "2024-ல்" வந்ததும் மென்னு முழுங்கிட்டு ஓடுது. அந்த ஒரு இடத்துல மட்டும். ஆண்டு இல்லாத வாக்கியத்துல இந்தப் பிரச்சினையே கிடையாது.

காரணம் நேரக் கணக்கு. எத்தனை நொடி பேசணும்னு இது முன்னாடியே தீர்மானிச்சிடும். மாதிரி ஆடியோவோட நீளத்தை, மாதிரி வாசகத்தோட பைட் எண்ணிக்கையால வகுத்து, புது வாசகத்தோட பைட்டால பெருக்கும். யூடிஎஃப்-8-ல (கணினி எழுத்தைச் சேமிக்கிற முறை) தமிழ் எழுத்தோ குறியோ ஒவ்வொண்ணும் 3 பைட், இலக்கம் 1 பைட். "2024" வெறும் 4 பைட். அதையே "இரண்டாயிரத்து இருபத்து நான்கு"ன்னு எழுதினா 83 பைட். 83 பைட் பேச்சை 4 பைட் நேரத்துல அடைக்கப் பார்க்கும்போது பக்கத்து வார்த்தையும் சேர்ந்து நசுங்குது. எண்ணை எழுத்தால எழுதிக் கொடுங்க, சரியாயிடும். வேகத்தைக் குறைச்சா எண் தேறும், மத்த வாக்கியம் தூங்கி வழியும்.

பதிவு 3

2-க்கு: அந்த எண்ணை எழுத்தாக்கும் ஃபங்ஷனை அசிஸ்டென்டிடம் விட்டால் என்ன ஆகும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஃபங்ஷன் சுத்தமாக இருந்தது. ஆறு டெஸ்ட், ஆறும் பச்சை. குளோன் மட்டும் 1,900-ஐ "ஆயிரத்து ஒன்பது நூறு" என்று தெளிவான, கம்பீரமான குரலில் வாசித்தது.

தமிழ் எண்களில் ஒன்பதின் வரிசை தனி வழியில் போகும். 90 தொண்ணூறு, 900 தொள்ளாயிரம், ஆனால் 9,000 மறுபடி ஒன்பதாயிரம். அசிஸ்டென்ட் மற்ற எண்களில் கண்ட விதியை 9-க்கும் நீட்டிவிட்டது. அதைக்கூட மன்னிக்கலாம். டெஸ்ட் கோப்பைத் திறந்தால், வரவேண்டிய விடை என்ற இடத்திலும் "ஒன்பது நூறு" என்றே இருந்தது. தப்புக் கணக்கைப் போட்ட கையே விடைத்தாளையும் திருத்தியிருக்கிறது.

விடைகளை நீங்கள் கையால் எழுதுங்கள். குறைந்தது 9, 11, 19, 90, 99, 100, 101, 900, 999, 1,000, 1,001, 1,900, 9,000, 1,00,000. தனியே நின்றால் நூறு, பின்னால் எண் வந்தால் நூற்று. அப்படியே ஆயிரம், ஆயிரத்து. அடுத்து வேற்றுமை உருபு. "2024-ல்" என்பதில் எண்ணை மட்டும் மாற்றினால் "நான்கு-ல்" என்று தொங்கும், குளோன் அந்த ல்-லை எழுத்தின் பெயராகவே உச்சரித்துப் பார்க்கும். "நான்கில்", "பத்துக்கு", "ஆயிரத்தில்" என்று உருபோடு சேர்த்தே மாற்ற வேண்டும்.

பதிவு 4

குரல்ல தப்பு வந்தா காதுல விழுந்துடும்ங்க, அதைப் பெரிய விஷயமா பேசுறது சரியில்லை. கோட்தான் சத்தமில்லாம கழுத்தறுக்கும்.

தமிழ் வாசகத்தைச் சீர்பண்ண ஒரு பேக்கேஜ் (வேற யாரோ எழுதி வச்ச தயார் கோட்) இருக்குன்னு சொல்லி அசிஸ்டென்ட் இன்ஸ்டால் வரி கொடுத்துச்சு. பெயர் அவ்வளவு பொருத்தமா இருந்தது. அப்படி ஒண்ணு இல்லவே இல்லை. கேட்காம தானே கட்டளைகளை ஓட்டுற ஏஜென்ட் மோடுல இருந்ததால அது நிக்கல. பெயரை லேசா மாத்திப் பார்த்து, அந்தப் பெயர்ல ஏற்கெனவே இருந்த, சம்பந்தமே இல்லாத ஏதோ ஒண்ணை இன்ஸ்டால் பண்ணிட்டு "சரி செய்யப்பட்டது"ன்னு அடுத்த வேலைக்குப் போயிடுச்சு.

இது எங்கேயோ ஒரு தடவை நடக்கிறதில்லை. 16 மாடல்களை வச்சு 5,76,000 கோட் மாதிரிகளைப் பார்த்த ஆய்வுல, இல்லாத பேக்கேஜைச் சொன்ன விகிதம் கட்டண மாடல்கள்ல 5.2 சதவீதம், ஓப்பன் சோர்ஸ் மாடல்கள்ல 21.7 சதவீதம். மாடல் அடிக்கடி கற்பனை பண்ற பெயரை ஒருத்தர் முன்கூட்டியே பதிவு பண்ணி உள்ளே வில்லங்கத்தை வச்சா முடிஞ்சது. அதுக்கு ஸ்லாப்ஸ்குவாட்டிங்னே பேர் வந்தாச்சு. எதை இன்ஸ்டால் பண்றதுக்கு முன்னாடியும் ஏஜென்ட் உங்களைக் கேட்கிற மாதிரி வைக்கணும்.

பதிவு 5

4 சொல்வதை ஒப்புக்கொள்ள முடியவில்லை. "காதில் விழுந்துவிடும்" என்பது தமிழ் தெரிந்த ஒருவர் ஒவ்வொரு நொடியையும் உட்கார்ந்து கேட்டால்தான். நாற்பது மணி நேர ஒலிநூலை யார் அப்படிக் கேட்கிறார்கள்?

"கௌரவம்" என்ற சொல் இரண்டு விதமாகத் தட்டப்படுகிறது. ஒன்றில் ஔகாரக் குறி, ஒரே குறியீடு. மற்றதில் எகரக் கொம்பு போட்டுப் பக்கத்தில் ள என்ற முழு எழுத்து. திரையில் பார்த்தால் இரட்டைப் பிள்ளைகள். குளோன் இரண்டாவதை "கெ-ள-ர-வம்" என்று வாசித்தது. கொடுத்ததை வாசித்தது, அதன்மேல் பிழை இல்லை.

இதைச் சரிசெய்யச் சொன்னபோது அசிஸ்டென்ட் முதலில் என்எஃப்சி நார்மலைசேஷன் (பிரிந்த குறியீடுகளை ஒன்றாக்கும் யூனிகோட் முறை) போதும் என்றது. போதாது. கொம்பும் காலும் பிரிந்து கிடக்கும் ஒகரக் குறியை என்எஃப்சி ஒன்றுசேர்க்கும். கொம்புக்குப் பக்கத்தில் உள்ள ள-வைத் தொடாது, அதற்கு அது தனி எழுத்து. அடுத்து, கொம்பு + ள வரும் இடத்தையெல்லாம் ஔகாரக் குறியாக மாற்றும் ஒரே வரியை எழுதியது. கௌரவம் சரியானது. கூடவே "வெளியே" எல்லாம் "வௌியே" ஆனது, "தெளிவு" எல்லாம் "தௌிவு" ஆனது. திரையில் கண்ணுக்குத் தப்பிவிடும், குளோனின் வாயில் அந்தச் சொல்லே உடைந்துவிடும்.

சொற்பட்டியல் வைத்துத்தான் மாற்ற வேண்டும்: கௌரவம், மௌனம், பௌர்ணமி, சௌகரியம், யௌவனம், பௌதிகம் என்று தொடங்கி, உருபு ஏறிய வடிவங்களுக்கு இடம் கொடுத்து. அசிஸ்டென்ட் கொடுத்தது ஒரு வரி, தேவைப்பட்டது இருநூறு சொல்.

பிறகு சரிபார்ப்பு. குளோன் பேசியதை விஸ்பரில் கொடுத்து எழுத்தாக்கி, மூலத்தோடு ஒப்பிடுவது வழக்கம். அதில் ஒரு பள்ளம் உண்டு. விஸ்பர் முன்பின் சொற்களைப் பார்த்து வரவேண்டிய சொல்லை ஊகித்து எழுதும், அதனால் குளோன் உளறிய சொல்லைத் திருத்தி நல்லதாகக் காட்டிவிடும். மௌனமான இடத்தில் இல்லாத வாக்கியத்தையும் எழுதும். ஒலியை எழுத்தெழுத்தாக மாற்றும் சிடிசி வகைப் பேச்சறி மாடலை, சொல்லை ஊகிக்கும் மொழி மாடல் துணையில்லாமல் ஓட்டிப் பாருங்கள். அது கேட்டதைக் கேட்டபடி எழுதும், அசிங்கமாக இருந்தாலும்.

பதிவு 6

"பாவம்". செய்த பாவமா, முகத்துல காட்டுற பாவமா? ஒரே எழுத்து, ரெண்டு ஒலி. குளோன் ஒரு பத்தியில ரெண்டையும் ஒரே மாதிரி சொல்லிட்டுப் போச்சு. இதே கதிதான் பேட்டரி, பட்டன், கேஸ், டேட்டா எல்லாத்துக்கும்.

பல மொழி தெரிஞ்ச மாடல்னா அந்த ஒரு சொல்லை மட்டும் ரோமன் எழுத்துல போட்டா ஒலி சரியா வரும். ஆனா 2 சொன்ன பைட் கணக்கு இங்கயும் கடிக்கும். பேட்டரி தமிழ்ல 21 பைட், ரோமன்ல 7. நாலு சொல் அப்படி மாத்தின வாக்கியம் மூச்சுவிடாம ஓடும். அந்த வாக்கியத்துக்கு மட்டும் வேகத்தை 0.9-க்கு இறக்கிப் பாருங்க.

பதிவு 7

எல்லோரும் கோடையே பேசுகிறீர்கள். குளோன் கெடுவது பெரும்பாலும் மாதிரி ஒலிப்பதிவில்தான். ஒரு மாதிரி கடைசிச் சொல்லைக் கேள்வியாக உயர்த்தி முடிந்திருந்தது. அதிலிருந்து பிறந்த குரல் நூறு வாக்கியத்தையும் கேள்வியாகவே முடித்தது. "மருந்தை இரவில் சாப்பிடவும்" என்பதுகூட "சாப்பிடவும்?" என்று.

எனவே பதிவு செய்யும் முறை. மைக் வாயிலிருந்து 15 முதல் 20 செ.மீ., நேரே வைக்காமல் சற்றுப் பக்கவாட்டில். ப, ட வெடிப்புகள் நேராக மைக்கில் மோதாது. உச்ச அளவு -3 டெசிபலைத் தாண்டக் கூடாது, பேசாத நேரத்தின் இரைச்சல் -60-க்குக் கீழே இருக்கட்டும். மின்விசிறி, ஏசி இரண்டையும் அணையுங்கள். வெறும் சுவர் அறை வேண்டாம். துணிகள் தொங்கும் அலமாரியைத் திறந்து வைத்து அதன் எதிரே உட்கார்ந்து பேசினால் எதிரொலி அடங்கும். குளோன் குரலை மட்டும் நகலெடுக்காது, அறையையும் சேர்த்து எடுக்கும். எதிரொலியைப் பிறகு நீக்குவது பாலில் கலந்த தண்ணீரைப் பிரிப்பது போல.

இரைச்சல் நீக்கும் மென்பொருளைக் கடுமையாகப் போடாதீர்கள். அது விட்டுச்செல்லும் நீருக்கடி ஒலியையும் மாடல் "இதுதான் இவர் குரல்" என்று கற்றுக்கொள்ளும். வாய்ஸ் நோட்டாக வந்த கோப்பு வேண்டாம். அழுத்திச் சுருக்கியதில் ஸ, ஷ ஒலிகளின் கூர்மை போயிருக்கும். வேவ், மோனோ, 44,100 அல்லது 48,000 ஹெர்ட்ஸ்.

நீளம் மாடலைப் பொறுத்தது. எஃப்5 வகைக்கு 12 நொடிக்குள், கடைசியில் ஒரு நொடி அமைதி விட்டு. அமைதி இல்லாமல் சொல்லின் நடுவில் வெட்டினால் மாதிரியின் வால் புதுப் பேச்சின் தலையில் ஒட்டிக்கொண்டு வரும். மாதிரி வாசகத்தை ஆள் பேசியபடியே எழுதுங்கள். அவர் "வந்துட்டாங்க" என்று பேசியிருக்க நீங்கள் "வந்துவிட்டார்கள்" என்று எழுதினால் பொருத்தம் குலையும். ஆர்விசி போலக் குரலிலிருந்து குரலுக்கு மாற்றும் வகைக்குச் சுத்தமான பத்து நிமிடம் வேண்டும். ஆண் பேசிப் பெண் குரலாக மாற்றும்போது 12 செமிடோன் ஏற்றித் தொடங்கி, காதுக்கு ஏற்பக் குறைத்து வாருங்கள்.

பதிவு 8

7-க்கு நன்றி, ஆனால் இங்கே கேள்வி ஒலிப்பதிவு பற்றியது இல்லை. இரண்டும் ஒரே மேசையில் சேரும்போது நடப்பதைத்தான் தலைப்பு கேட்கிறது. அப்படி இரண்டு.

முதலாவது. இந்த மாடல்களை ஓட்டும் பைடார்ச் என்ற மென்பொருளின் 2.6 பதிப்புக்கு மாறியதும் பழைய எக்ஸ்டிடிஎஸ் கோப்பு ஏறவில்லை. 2025 ஜனவரியில் வந்த அந்தப் பதிப்பிலிருந்து கோப்பை ஏற்றும் டார்ச் லோட் கட்டளை இயல்பாகவே எடைகளை (மாடல் கற்றுவைத்த எண்கள்) மட்டும் ஏற்றும், மற்றதை மறுக்கும். அந்த எர்ரர் செய்தியே சொல்கிறது: இந்தக் கட்டுப்பாட்டைத் தளர்த்தினால் ஓடும், ஆனால் கோப்புக்குள் இருக்கும் எந்தக் கோடும் உங்கள் கணினியில் இயங்கலாம், நம்பகமான இடத்திலிருந்து வந்திருந்தால் மட்டும் செய்யுங்கள். அசிஸ்டென்ட் முன்பாதியை எடுத்துக்கொண்டு கட்டுப்பாட்டை எல்லா இடத்திலும் தளர்த்தியது, பின்பாதியை விட்டுவிட்டது. ஏற்றிக்கொண்டிருந்ததோ முகம் தெரியாத யாரோ பகிர்ந்த குரல் மாடல். தேவையான கிளாஸ்களை மட்டும் பாதுகாப்பானவை என்று பதிவு செய்யும் வழி இருக்கிறது. கோடுக்கு இடமில்லாமல் எண்களை மட்டும் வைக்கும் சேஃப்டென்சர்ஸ் வடிவில் கிடைத்தால் இந்தப் பேச்சுக்கே இடமில்லை.

இரண்டாவதுதான் தூக்கத்தைக் கெடுப்பது. ஏஜென்ட் வேலையை முடித்து, ஃபோல்டரில் இருந்த எல்லாவற்றையும் கிட்டில் (கோடின் ஒவ்வொரு மாற்றத்தையும் வரலாறாக வைக்கும் கருவி) சேர்த்து, கமிட் செய்து (அந்த மாற்றத்தைப் பதிந்து), இணையத்தில் உள்ள ரெப்போவுக்குத் தள்ளியது. அதில் ஒருவர் நம்பிக் கொடுத்த மாதிரி வேவ் கோப்பும் போனது. "நீக்கிவிடு" என்றதும் அடுத்த கமிட்டில் நீக்கியது. பட்டியலில் இல்லை, வரலாற்றில் இருக்கிறது. முந்தைய கமிட்டைத் திறந்தால் குரல் ஒலிக்கிறது. வரலாற்றிலிருந்தே அழிக்க ஃபில்டர்-ரெப்போ என்ற கருவியை ஓட்டி, ஃபோர்ஸ் புஷ் செய்து பழைய வரலாற்றின்மேல் புதியதை எழுத வேண்டும். அதற்குள் யாராவது நகலெடுத்திருந்தால் அதுவும் பயனில்லை. பாஸ்வேர்டு கசிந்தால் மாற்றலாம், தொண்டையை மாற்ற முடியாது.

வேவை மட்டும் மறைத்தால் போதாது என்பதையும் பாருங்கள். வேகத்துக்காகக் குரலின் எம்பெடிங்கை (குரலின் அடையாளத்தைச் சுருக்கிய எண்கள்) ஒரு பிடிஎச் கோப்பாகச் சேமித்து வைப்பது வழக்கம். அதை வைத்துக்கொண்டு மூல ஆடியோ இல்லாமலே அந்தக் குரலில் பேச வைக்கலாம். ஆகவே வேவ், எம்பி3, பிடிஎச், சேஃப்டென்சர்ஸ் நான்கும் கிட்இக்னோரில் (கிட் சேர்க்கக் கூடாத கோப்புகளின் பட்டியல்), முதல் கமிட்டுக்கு முன்பே. மாதிரிகளை ரெப்போ ஃபோல்டருக்கு வெளியே வையுங்கள். ஏஜென்டுக்கு அந்த ஃபோல்டரைப் படிக்கும் அனுமதியும் வேண்டாம். கோப்பின் பாதையைக் கட்டளை வரியில் நீங்களே கொடுத்து ஓட்டுங்கள்.