பகல் பிறப்பா, இரவுப் பிறப்பா? அதிர்ஷ்டப் புள்ளியில் மாட்டிக்கொண்டேன்

கிரேக்க முறையில் ஜாதகம் கணிக்கப் பழகுகிறேன். மூன்று வாரமாக ஒரே ஜாதகத்தின் அதிர்ஷ்டப் புள்ளியில் (லக்னம், சூரியன், சந்திரன் மூன்றையும் வைத்துக் கணக்கிடும் இடம்) நிற்கிறேன்.

இடம் அலெக்சாந்திரியா, ஜனவரி 31, சூரியன் மறையும் நேரம். சாயனக் கணக்கில் (வசந்த சமநாளில் சூரியன் நிற்கும் இடத்தை மேஷம் 0° ஆக வைக்கும் முறை) லக்னம் சிம்மம் 12°, சூரியன் கும்பம் 11°30', சந்திரன் விருச்சிகம் 3°. அதாவது சூரியன் அஸ்தமனப் புள்ளியைத் தாண்டி அரை பாகைதான் கீழே. ஆனால் காற்றுமண்டலம் ஒளியை வளைப்பதால் கண்ணுக்கு அதன் மேல் விளிம்பு இன்னும் தெரியும்!

பகல் என்று வைத்து, சூரியனிலிருந்து சந்திரன் வரை எண்ணி லக்னத்தோடு கூட்டினால் அதிர்ஷ்டப் புள்ளி ரிஷபம் 3°30', அதிபதி சுக்கிரன். இரவு என்று திருப்பி, சந்திரனிலிருந்து சூரியன் வரை எண்ணினால் விருச்சிகம் 20°30', அதிபதி செவ்வாய். பலனே தலைகீழாகிவிடுகிறது.

கையால் இருமுறை போட்டேன், அதே விடை. அயனாம்சம் (நம் நிராயன முறையில் கழிக்கும் பாகை வித்தியாசம்) கழிபடவில்லை என்பதையும் சரிபார்த்தேன். அப்புறம் இரண்டு மென்பொருளில் போட்டால் ஒன்று பகல் என்கிறது, மற்றது இரவு என்கிறது. பண்டைய கிரேக்க ஜோதிட நூலாசிரியர் தாலமி இரவிலும் திருப்புவதில்லை, அவர் வழியில் போனால் சிக்கலே இல்லை. ஆனால் நான் பின்பற்றுவது 2ஆம் நூற்றாண்டு ஜோதிடர் வெட்டியஸ் வாலன்ஸை; அவர் இரவில் திருப்புகிறார்.

வாலன்ஸ் முறையில் கணிப்பவர்கள் இப்படிப்பட்ட பிறப்புக்குப் பகல், இரவைக் கணித அடிவானத்தை வைத்துத் தீர்மானிக்கிறீர்களா, கண்ணுக்குத் தெரியும் சூரியனை வைத்தா?