பிள்ளைகளை அமுச்சியிடம் (என் அம்மாவிடம்) விட்டுவிட்டு சிலை பார்க்கப் போகலாமா?

பனியன் கணக்கு (திருப்பூர்)

எக்ஸ்போர்ட் கம்பெனி ஒன்றில் கணக்குப் பார்க்கிறேன். பெரியவன் நாலாவது, சின்னவள் யூகேஜி. வாரம் முழுக்க ஷிப்மென்ட், ஜிஎஸ்டி, டிபன் பாக்ஸ், வீட்டுப்பாடம். ஞாயிற்றுக்கிழமை துணி துவைக்கவே சரியாக இருக்கும். இதற்கு நடுவில் எப்போதாவது ஒரு சனி ஞாயிறு வாய்த்தால் தனியாகக் கிளம்பிவிடுவேன். சென்னை, பெங்களூர், கொச்சி, இவ்வளவுதான் என் எல்லை. ராத்திரி ரயில், பகலெல்லாம் மியூசியம், ஓவியக் கூடம், முடிந்தால் ஒரு நாடகம், யாரோ போட்டுக் கொடுக்கும் காபி, திரும்ப ராத்திரி ரயில்.

கடைசியாகப் போனது எழும்பூர் அரசு அருங்காட்சியகம். அங்கே செப்புத் திருமேனிகள் கூடத்தில் திருவெண்காட்டு அர்த்தநாரீசுவரர் இருக்கிறார், சோழர் காலத்தவர். வலப்பக்கம் இரண்டு கை, இடப்பக்கம் ஒரே கை. வலது தோள் நேராக நிற்க, இடது இடுப்பு மட்டும் வளைந்து போகிறது. இரண்டும் ஒரே உடம்பில் எங்கே சேர்கிறது என்று தேடினால் கோடே தெரியவில்லை. சின்ன வயதிலிருந்து திருச்செங்கோடு மலை ஏறியவள் நான். அங்கேயும் இதே சாமிதான். தீபாராதனை வெளிச்சத்தில் அரை நிமிஷம் பார்ப்பதற்குள் "நகருங்க, நகருங்க" என்று தள்ளிவிடுவார்கள். எழும்பூரில் யாரும் நகரச் சொல்லவில்லை. கால் வலிக்கும்வரை நின்றேன்.

வீட்டில் யாரும் தடுப்பதில்லை. ஆனால் போன வாரம் ஒரு வளைகாப்பில் நாத்தனார் நாலு பேர் முன்னால், "எங்க அண்ணி பிள்ளைகளைத் தள்ளிவிட்டுட்டு பொம்மை பார்க்கப் போறவங்க" என்று சொல்லிவிட்டார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன். நீங்கள் சொல்லுங்கள், இது தப்பா?

மஞ்சமண்டி (ஈரோடு)

தப்பு என்று சொல்ல மாட்டேன் அம்மிணி, ஆனால் எனக்கு ஒப்பவில்லை. திங்கள் முதல் சனி வரை பிள்ளைக்கு அம்மா கிடைப்பது ராத்திரி ஒரு மணி நேரம். அந்த ஞாயிறையும் எடுத்துக்கொண்டு போய்விட்டால் அதற்கு என்ன மிச்சம்? போங்கள், ஆனால் கூட்டிக்கொண்டு போங்கள். அதுவும் சேர்ந்து பார்க்கட்டும்.

இன்னொன்று. சிலைக்கு எதற்கு சென்னை? பேரூர்க் கோயிலில் கனகசபை மண்டபம் இருக்கிறது. தாரமங்கலம் கோயில் இருக்கிறது. வெளியூர்க்காரன் கேமரா எடுத்துக்கொண்டு வருகிறான், நாம் இங்கிருந்து ரயில் ஏறுகிறோம்.

வாலாங்குளம் (கோவை)

மஞ்சமண்டி அண்ணா, கூட்டிப் போய்ப் பார்த்த அப்பன் சொல்கிறேன். பெங்களூரில் தேசிய நவீன ஓவியக் கூடம் இருக்கிறதே, அரண்மனை சாலையில், மாணிக்கவேலு மாளிகை. 2009இல் திறந்தது. அருமையான இடம், சுற்றிலும் பெரிய பெரிய மரங்கள். என் மகளோடு போனேன். முதல் அறை தாண்டுவதற்குள் தண்ணீர். இரண்டாவது அறையில் பசி. மூன்றாவது அறையில் "அப்பா, இந்த ஆன்ட்டிக்கு ஏன் மூக்கே வரையலை?" என்று சத்தமாக ஒரு கேள்வி, காவலாளி முறைத்தார். அப்புறம் அவள் அணில் பார்க்க வெளியே ஓடிவிட்டாள். நானும் பின்னாலேயே ஓடினேன். அந்தக் கேள்வி நல்ல கேள்விதான், அது வேறு விஷயம். ஆனால் நான் ஓவியம் பார்த்தேன் என்று மட்டும் சொல்ல முடியாது.

பிள்ளையோடு போவது ஒரு பயணம், தனியாகப் போவது வேறு பயணம். ஒன்றைச் செய்தால் மற்றது கணக்கில் சேராது. பிள்ளையோடு என்றால் முட்டுக்காடு தட்சிணசித்ரா போங்கள். பழைய செட்டிநாட்டு வீடு, கேரள வீடு என்று உள்ளே புகுந்து திண்ணையில் உட்காரலாம், ஓடலாம், யாரும் முறைக்க மாட்டார்கள். செவ்வாய் மட்டும் விடுமுறை. இல்லையென்றால் கொச்சி. 2012 டிசம்பரில் தொடங்கியதிலிருந்து அங்கே இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை பினாலே என்று பெரிய கலைக் கண்காட்சி நடத்துகிறார்கள், கோவிட் நேரத்திலும் அதற்கப்புறம் ஒருமுறையும் தள்ளிப்போனது. ஃபோர்ட் கொச்சியில் ஆஸ்பின்வால் ஹவுஸ் போன்ற பழைய கிடங்குகளில் ஓவியமும் வீடியோவும் என்னென்னமோ அமைப்புகளும் இருக்கும். பெரியவர்கள் "இது என்ன அர்த்தம்" என்று முழிப்பார்கள், பிள்ளைகள் நேரே உள்ளே போய்விடும். எர்ணாகுளத்திலிருந்து படகில் போவதே அவர்களுக்குப் பாதித் திருவிழா. நமக்குச் சென்னையை விடக் கொச்சி பக்கம் என்பதை இந்தப் பக்கத்தில் பலரும் யோசிப்பதே இல்லை.

ஆனால் நாடகம் பார்க்கப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போகாதீர்கள். பெங்களூர் ஜே.பி. நகர் ரங்கசங்கரா நாடக அரங்கில் மணி அடித்துக் கதவைச் சாத்தினால் சாத்தியதுதான். ஒண்ணுக்கு, தண்ணி எல்லாம் அங்கே நடக்காது.

காங்கேயத்தான்

இதையெல்லாம் பார்த்து என்னங்க ஆகப்போகுது? உழவர் சந்தையில் ஒரு மணி நேரம் நின்றாலும் வேடிக்கைதான். செலவும் இல்லை, வரும்போது தக்காளியும் வரும்.

கொல்லிமலைக் காத்து (நாமக்கல்)

தக்காளிக்கு நான் எதிரி இல்லை அண்ணா. 😀

மஞ்சமண்டி அண்ணன் சொன்னதில் பாதி சரி. நாமக்கல் கோட்டை மலையடியில் நரசிம்மர் குடைவரை இருக்கிறது. அதியர் குலத்தவர் 8ஆம் நூற்றாண்டில் குடைந்தது. இரணியனை மடியில் போட்டுக் கிழிக்கும் நரசிம்மர், வராகர், ஒரு காலை மேலே வீசிய திரிவிக்கிரமர் என்று சுவர் முழுக்கப் பாறையில் வெட்டிய ஆள் உயரச் சிற்பங்கள். சனிக்கிழமை ஆஞ்சநேயருக்கு வடைமாலை பார்க்க வருகிற கூட்டத்தில் பாதிப் பேர் எதிரே இருக்கிற இந்தக் குடைவரையில் சுவர் பக்கம் திரும்புவதே இல்லை. நான் படம் வரைகிறவன். அந்தத் திரிவிக்கிரமரின் தூக்கிய காலை இன்னும் ஒழுங்காக வரைய வரவில்லை. கோவையில் அவினாசி சாலையிலேயே கஸ்தூரி சீனிவாசன் ஓவியக் கூடமும் ஜவுளி அருங்காட்சியகமும் இருக்கின்றன. வாசலைத் தாண்டித் தினமும் போகிறவர்கள் உள்ளே போனார்களா என்று கேட்டுப் பாருங்கள்.

அதனால் ரயில் ஏறுவதற்கு முன்னால் டவுன் பஸ் ஏறுங்கள் என்பேன்.

பனியன் கணக்கு

தம்பி, அந்த இடங்களுக்கெல்லாம் போயிருக்கிறேன். பிரச்சினை இடத்தில் இல்லை. நம் பக்கத்துக் கோயிலில் நான் தனியாள் கிடையாது. பேரூர் கனகசபைத் தூணில் கஜசம்ஹார மூர்த்தி யானைத்தோலை விரித்துப் பிடித்துக்கொண்டு ஆடுகிறார். அதை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தபோது பின்னால் ஒரு குரல்: "நீ காங்கேயத்துப் புள்ளைதானே? தனியாவா வந்த? வூட்டுக்காரர் வரலையா? ஏங் கண்ணு, எதாச்சும் பிரச்சினையா?" அந்த அம்மா பாசத்தில்தான் கேட்டார். அப்புறம் அவர் மகள் கல்யாண விஷயம், எங்கள் பெரியப்பா தோட்டத்துப் பம்புசெட் விஷயம் எல்லாம் பேசி, கூடவே நடந்து வந்து பஸ் ஏற்றிவிட்டார். கஜசம்ஹார மூர்த்தி அங்கேயே நின்றுவிட்டார்.

எழும்பூரில் நான் யாருக்கும் மருமகள் இல்லை. அதற்குத்தான் டிக்கெட் காசு.

பவானிக்கூடல் (ரிட்டயர்ட் டீச்சர்)

இவ்வளவு நேரம் படித்துக்கொண்டிருந்தேன். ஒருவரும் கேட்காததைக் கேட்கிறேன். நீ ரயிலில் போகும்போது பிள்ளைகளுக்குச் சோறு போடுவது யார் கண்ணு? உன் அம்மா. அந்த அம்மாவுக்கு யார் டிக்கெட் எடுத்தது?

கோபமாகக் கேட்கவில்லை. நானும் வேலைக்குப் போய்ப் பிள்ளை வளர்த்தவள்தான். வருஷா வருஷம் பள்ளிக்கூடத்திலிருந்து தஞ்சாவூர், மாமல்லபுரம் என்று பிள்ளைகளைக் கூட்டிப் போவேன். அங்கே நான் பார்த்ததெல்லாம் தலைகள்தான். எண்ணிக்கொண்டே இருப்பேன். அர்ச்சுனன் தபசு முன்னால் நின்று போட்டோ இருக்கிறது, அதில் நான் பஸ்ஸைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். ஓய்வு பெற்றால் போகலாம் என்றிருந்தேன். பேத்தி பிறந்தாள், மகள் வேலைக்குப் போகிறாள். இப்போது ஒரு தலைதான் எண்ணுகிறேன், ஆனால் எண்ணிக்கொண்டுதான் இருக்கிறேன்.

வாலாங்குளம்

டீச்சர், இது நியாயமான கேள்வி. ஆனால் அப்பாக்கள் கிரிக்கெட், ஃபிரண்டு கல்யாணம், சபரிமலை என்று போகும்போது யாரும் இந்தக் கேள்வியைக் கேட்பதில்லையே.

பவானிக்கூடல்

கேட்க வேண்டும் தம்பி. நான் வேண்டாம் என்றா சொன்னேன்?

பனியன் கணக்கு

டீச்சர், நீங்கள் கேட்டது உறைக்கிறது. நான் கிளம்பும்போது பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வது வீட்டுக்காரர் பொறுப்பு என்றுதான் பேச்சு. அவர் பார்த்துக்கொள்ளும் லட்சணம், சனிக்கிழமை சாயங்காலமே பைக்கில் ஏற்றிக் காங்கேயத்தில் அமுச்சி வீட்டில் இறக்கிவிட்டு வருவது. ஞாயிறு ராத்திரி அவர் தனியாகப் பரோட்டா சாப்பிட்ட பில்லை ஜிபேயில் பார்த்துத்தான் எனக்கே தெரிந்தது.

மஞ்சமண்டி

பார்த்தீர்களா, கடைசியில் பாரம் கிழவி தலையில். செலவையும் யாரும் பேசவில்லை. ரயில், ரூம், சாப்பாடு, டிக்கெட். அந்தக் காசில் பையனை ஒரு நல்ல டிராயிங் வகுப்பில் சேர்க்கலாம்.

அப்புறம், கலை தெரியாதவன் பேசுகிறான் என்று நினைக்காதீர்கள். தாரமங்கலம் கைலாசநாதர் கோயில், கெட்டி முதலிகள் என்ற சிற்றரசர்கள் கட்டியது. அங்கே வாலி வதம் இருக்கிறது பாருங்கள். ஒரு தூணில் ராமர் வில்லோடு மறைந்து நிற்கிறார், இன்னொரு தூணில் வாலியும் சுக்ரீவனும் சண்டை போடுகிறார்கள். ராமர் தூணிலிருந்து பார்த்தால் வாலி தெரிவான். வாலி தூணிலிருந்து பார்த்தால் ராமர் தெரியமாட்டார். தூண் நிறுத்திய கோணத்திலேயே கதையை வைத்துவிட்டான் அந்தச் சிற்பி. இங்கிருந்து அங்கே, அங்கிருந்து இங்கே என்று எத்தனை நடை நடந்தேன் தெரியுமா? சாமி பார்க்கவே நேரமாகிவிட்டது. பிள்ளைகளோடு போய்த்தான் இதைப் பார்த்தேன். முடியாது என்பதெல்லாம் சாக்கு.

பவானிக்கூடல்

நீங்கள் தூணுக்குத் தூண் நடந்தபோது பிள்ளைகள் யார் கையில் இருந்தார்கள்?

காங்கேயத்தான்

அண்ணா மாட்டிக்கிட்டாருங்கோ.

மஞ்சமண்டி

வீட்டுக்காரம்மா வைத்திருந்தாங்க. அதனால் என்ன? ஒரே கோயிலுக்குள்தானே இருந்தோம். பிள்ளை அழுதால் எனக்குக் கேட்கும். நானூறு, ஐநூறு கிலோமீட்டர் தள்ளி இருந்தால் கேட்குமா? இதுதான் என் பேச்சு. இதை ஆண், பெண் என்று திருப்பாதீர்கள்.

கொல்லிமலைக் காத்து

வீட்டுக்காரம்மாவுக்கு அந்த வாலி தூணைக் காட்டினீர்களா அண்ணா?

மஞ்சமண்டி

சின்னவன் தூங்கிவிட்டான், வெயில் வேறு. அடுத்த முறை.

பனியன் கணக்கு

செலவு கேட்டதற்கு மட்டும் சொல்கிறேன், கணக்கு என் தொழில். வந்தே பாரத்தில் போனதில்லை, அது பகல் வண்டி. பெங்களூருக்குக் காலையில் ஏறினால் மதியம் கண்டோன்மென்ட்டில் இறக்கிவிடும், ஒரு ராத்திரி ரூம் போட்டே ஆகவேண்டும். சேரன் எக்ஸ்பிரஸில் சனி ராத்திரி ஸ்லீப்பரில் ஏறினால் ஞாயிறு காலை சென்ட்ரல். அங்கேயே காத்திருப்போர் அறையில் குளியல். அன்று ராத்திரி திரும்ப அதே வண்டி, திங்கள் காலை திருப்பூர், பத்து மணிக்கு சீட்டில் இருப்பேன். ரூம் வாடகையே கிடையாது. சோழமண்டலம் ஓவியர் கிராமம் பார்க்க ஈஞ்சம்பாக்கம் வரை பஸ்தான். 1966இல் ஓவியர் கே.சி.எஸ். பணிக்கரும் அவர் மாணவர்களும் சேர்ந்து உருவாக்கியது. பாத்திக் துணி போன்ற கைவேலைகளை விற்றுத்தான் ஓவியர்கள் அங்கே நிலைத்து நின்றார்கள். துணி விற்றுப் படம் வரைந்தவர்கள் என்றதும் திருப்பூர்க்காரிக்கு அவர்கள் மேல் தனிப் பாசம் வந்துவிட்டது.

பையன் டிராயிங் வகுப்புக்கு ஏற்கனவே போகிறான் அண்ணா. அங்கே கொண்டுபோய் விடுவதும் நான்தான்.

அம்மா விஷயத்துக்கு: நேற்றே போன் செய்தேன். "உனக்கு எங்காவது போகணுமா அம்மா?" என்றேன். மகாபலிபுரமோ தஞ்சாவூரோ சொல்வார் என்று நினைத்தேன். "ஒரு நாள் யாரும் வராம இருந்தாப் போதும், டிவி பார்த்துட்டுப் படுத்துக்குவேன்" என்றார். ஆகவே இனி நான் போகும் வாரம் வீட்டுக்காரர் பிள்ளைகளோடு வீட்டிலேயே இருப்பார், காங்கேயம் வண்டி ஓடாது என்று அவரிடம் சொல்லிவிட்டேன். முகம் சுண்டித்தான் போனது. பார்க்கலாம்.

வாலாங்குளம்

அவருக்கு முட்டை தோசை ஊற்றத் தெரியுமா?

பனியன் கணக்கு

தெரியாது. யூடியூப் இருக்கிறது.

பவானிக்கூடல்

கண்ணு, எழும்பூர் மியூசியம் எந்தக் கிழமை லீவு? அந்தியூரில் என்னோடு வேலை பார்த்த டீச்சர் ஒருத்தி இருக்கிறாள், முட்டி வலி இல்லாதவள். நாங்கள் இருவரும் போகலாம் என்று பார்க்கிறோம். பேத்தியை மகள் லீவு போட்டுப் பார்த்துக்கொள்ளட்டும்.

பனியன் கணக்கு

வெள்ளிக்கிழமை லீவு டீச்சர். தேசிய விடுமுறை நாட்களிலும் திறக்க மாட்டார்கள். காலையிலேயே போய்விடுங்கள், செப்புத் திருமேனிக் கூடத்தை முதலில் பாருங்கள். மற்றதெல்லாம் பார்த்துக் களைத்துப்போய் அங்கே போகக் கூடாது.

மஞ்சமண்டி

டீச்சர் போவது எனக்குச் சம்மதம். பனியன் அம்மிணி போவதில் இன்னும் ஒப்பவில்லை. ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன், பையனுக்குப் பரீட்சை நடக்கிற வாரத்தில் போகாதீர்கள்.

பனியன் கணக்கு

உங்கள் வீட்டில் பரீட்சை வந்தால் மண்டிக்கு லீவா அண்ணா?